குஞ்சுக் கொட்டகையில் வெப்ப விளக்கு: தீ விபத்தைத் தடுப்பது எப்படி?

கோழிக் குஞ்சுகளை வளர்ப்பதில் முதல் மூன்று வாரங்கள் மிக முக்கியமானவை. இந்த நாட்களில் குஞ்சுகளைக் காப்பது தீவனம் மட்டுமல்ல, சூடும்தான். தாய்க்கோழி இறக்கைக்குள் வைத்துத் தரும் சூட்டை, விலைக்கு வாங்கிய குஞ்சுகளுக்கு மின்சார பல்பைக் கொண்டு நாம் தருகிறோம். இந்த அமைப்பைப் 'புரூடர்' என்பர்.

பெரிய பண்ணைகளில் இதற்கெனத் தனிக் கட்டடமும் ஆட்களும் உண்டு. ஐம்பது, நூறு குஞ்சுகள் வாங்கி வளர்க்கும் சிறு விவசாயிக்கு அந்த வசதி கிடையாது. வீட்டை ஒட்டிய தாழ்வாரத்திலோ, மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையிலோ தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து, கீழே உமியைப் பரப்பி, நடுவில் ஒரு பல்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதே வழக்கம். சுற்றிலும் இருப்பவை கீற்று, மூங்கில், சாக்கு, உமி, காகிதம் ஆகியவை. இவற்றில் எளிதில் தீப்பற்றாத பொருள் ஒன்றுகூட இல்லை. நடுவில் இரவு முழுவதும் எரிவதோ சூட்டுக்காகவே போட்ட விளக்கு. அந்தப் பல்பு நழுவி உமியில் விழுந்தால் போவது குஞ்சுகள் மட்டுமல்ல. பக்கத்தில் கட்டிய ஆடு, கன்று, அதை அடுத்துள்ள வீடு, அதற்குள் உறங்குவோர் எல்லோருக்கும் ஆபத்து.

இந்த விபத்தை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை. கொஞ்சம் சங்கிலி, கொஞ்சம் கம்பி வலை, ஒரு பீங்கான் ஹோல்டர், அரைநாள் வேலை ஆகியவை போதும்.

குஞ்சுக்கு எவ்வளவு சூடு தேவை?

பிறந்த குஞ்சின் உடலில் இறகு கிடையாது. மெல்லிய மயிர்தான் உண்டு. தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை. ஆகவே முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது கூளத்திற்கு மேல் 2 அங்குலத்தில், 95 டிகிரி பாரன்ஹீட் (35 டிகிரி செல்சியஸ்) சூடு இருக்க வேண்டும். பிறகு வாரத்திற்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்து வரலாம். இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நான்காம் வாரம் 80 என்று குறைத்து, இறகு முளைத்ததும் விளக்கை நிறுத்திவிடலாம்.

பல்பைக் கணக்கிட எளிய வழி, முதல் வாரத்தில் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பதாகும். 100 குஞ்சுகளுக்கு 200 வாட் தேவை. இதற்கு மேல் பெரிய பல்பு போடுவதால் குஞ்சு சீக்கிரம் வளர்ந்துவிடாது. மின் கட்டணமும் தீ அபாயமும்தான் வளரும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பமே பல இடங்களில் 95 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அப்போது பகலில் விளக்கே வேண்டியதில்லை. தேவையில்லாத நேரத்தில் அணைத்து வைப்பதே முதல் பாதுகாப்பு. மார்கழி, தை மாதப் பனி இரவுகளில்தான் விளக்கு இடைவிடாமல் எரிய வேண்டியிருக்கும். அந்த மாதங்களில்தான் எச்சரிக்கையும் அதிகம் தேவை.

பல்பு எப்படித் தீ வைக்கிறது?

இழை பல்பில் செல்லும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சூடாகவே போகிறது. ஒளியாவது சிறு பங்குதான். உள்ளேயிருக்கும் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் வரை காய்கிறது. வெளிக் கண்ணாடி அவ்வளவு காயாவிட்டாலும், 100 வாட் பல்பின் கண்ணாடி கொதிக்கும் நீரைவிட அதிகச் சூடாகவே இருக்கும். சுற்றிலும் காற்று ஓடும்வரை அந்தச் சூடு கலைந்து போய்விடும். பல்பு உமிக்குள் புதைந்தாலோ, அதன்மேல் சாக்கு விழுந்தாலோ சூடு வெளியேற வழியில்லை. அது மேன்மேலும் ஏறிக்கொண்டே போகும். காகிதம் தீப்பற்றச் சுமார் 230 டிகிரி செல்சியஸ் போதும். மரத்தூளும் உமியும் அதற்கு முன்பே கருகிப் புகையத் தொடங்கிவிடும்.

உமியில் பற்றும் நெருப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது சுடர்விட்டு எரிவதில்லை. கூளத்தின் அடியில் கனன்று கனன்று பரவும். மேலே பார்த்தால் சிறிது புகைதான் தெரியும். மணிக்கணக்கில் இப்படி ஊர்ந்து சென்று, தட்டியையோ சாக்கையோ தொட்டதும் குபீரென்று பற்றிக்கொள்ளும். இரவு படுக்கும்போது எல்லாம் சரியாக இருந்ததாக நினைத்தவர் விடியுமுன் எழுந்து அலறுவது இதனால்தான்.

பொதுவாகத் தீப் பிடிப்பதற்கான காரணங்கள் நான்கு. முதலாவது, தொங்கவிட்ட கயிறு அறுந்தோ முடிச்சு நழுவியோ விளக்கு கீழே விழுவது. இரண்டாவது, விளக்கு இருந்த இடத்திலேயே இருக்க, சாக்குப் படுதாவோ காகிதமோ கீற்றோ அதனிடம் வந்து சேர்வது. மூன்றாவது, குளிருக்கு அஞ்சி விளக்கை மிகவும் தாழ்த்திவிடுவது. நான்காவது, ஒயர், ஹோல்டர், பிளக் ஆகியவற்றில் தளர்ந்த இணைப்புகள் காய்ந்து பொறி பறப்பது. இந்த நான்கையும் அடைத்துவிட்டால் விபத்து வர வழியில்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

சூடு மிகுந்த விளக்கின் அபாயம் கொட்டகைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1990களில் வீட்டு அறைகளில் ஆளுயரத்திற்கு நிற்கும் ஹாலஜன் விளக்குகள் ஏராளமாக விற்பனையாயின. 300 வாட், 500 வாட் குழல்கள் அவற்றில் பொருத்தப்பட்டன. எரியும்போது அந்தக் குழலின் மேற்பரப்பு 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் காயும். ஜன்னல் திரை காற்றில் பறந்து அதன்மேல் பட்டும், விளக்கு சாய்ந்து படுக்கையில் விழுந்தும் வீடுகள் எரிந்தன.

1992 முதல் குறைந்தது 100 தீ விபத்துகளும் 10 மரணங்களும் இவற்றால் நேர்ந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1997 ஆகஸ்டில் அறிவித்தது. வீடுகளில் இருந்த சுமார் 4 கோடி விளக்குகளைத் திருத்த அது ஏற்பாடு செய்தது. அந்தத் திருத்தம் என்ன தெரியுமா? பல்பின்மேல் மாட்டும் ஒரு கம்பிக் கூண்டு. துணியோ காகிதமோ குழலைத் தொடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. 300 வாட்டுக்கு மேற்பட்ட பல்பைப் போடக் கூடாது என்றும், திரைச்சீலைக்கு அருகில் வைக்கக் கூடாது என்றும் மக்களுக்கு எச்சரிக்கை தரப்பட்டது. நமது குஞ்சுக் கொட்டகைக்கும் இதே மூன்று விதிகள் பொருந்தும்: பல்பைச் சிறிதாக்கு, கூண்டு மாட்டு, எரியும் பொருளை விலக்கு.

எந்தப் பல்பு நல்லது?

இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை எல்.இ.டி. விளக்குகள். வெளிச்சத்திற்கு அவை மிகவும் சிறந்தவை. ஆனால் குஞ்சுகளுக்கு வேண்டிய சூட்டை அவை தருவதில்லை. எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பிக் குஞ்சுகளைக் குளிரில் சாகவிடக் கூடாது. சூட்டுக்கு இழை பல்போ, சூட்டுக்கென்றே செய்யப்படும் 250 வாட் இன்ஃபிராரெட் பல்போதான் வேண்டும்.

100 குஞ்சுகளுக்கு 250 வாட் பல்பு ஒன்றைப் போடுவதைவிட 60 வாட் பல்புகள் நான்கைப் போடுவது நல்லது. காரணங்கள் மூன்று. சிறிய பல்பின் கண்ணாடி அவ்வளவாகக் காய்வதில்லை. ஒரு பல்பு நள்ளிரவில் பழுதானாலும் மற்ற மூன்றும் குஞ்சுகளைக் காக்கும். இரண்டிரண்டு பல்புகளுக்குத் தனித்தனிச் சுவிட்சு வைத்தால், வெயில் ஏறியதும் இரண்டை அணைத்துவிடலாம்.

இந்த நான்கு பல்புகளையும் 3 அடி விட்டமுள்ள தகரக் குடை ஒன்றின் உள்ளே பொருத்த வேண்டும். குடை மேலே போகும் சூட்டைத் தடுத்துக் கீழே திருப்பிவிடும். அதனால் குறைந்த வாட்டிலேயே கூளம் வெதுவெதுப்பாக இருக்கும். மேலேயுள்ள கீற்றும் காயாது. நான்கு பல்புகளும் நாள் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 5.75 யூனிட் மின்சாரம் ஆகும். இரவு 12 மணி நேரம் மட்டும் எரிந்தால் அதில் பாதிதான்.

ஹோல்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கறுப்பு நிற பேக்லைட் ஹோல்டர்கள் நாளெல்லாம் சூடு ஏறினால் நொறுங்கிப்போகும். பிறகு பல்பு தானே கழன்று விழும். 100 வாட்டும் அதற்கு மேலும் போடுவோர் பீங்கான் ஹோல்டரையே வாங்க வேண்டும். 250 வாட் பல்பு மரையிட்டுத் திருகும் வகையாக இருந்தால், அதற்கேற்ற திருகு ஹோல்டரே வேண்டும்.

தொங்கவிடும் முறை

விளக்கை அதன் மின் ஒயரிலேயே தொங்கவிடுவது பெருந்தவறு. எடை இழுக்க இழுக்க ஹோல்டருக்குள் இணைப்பு தளர்ந்துவிடும். தேங்காய்க் கயிறு, சணல், நைலான் கயிறு ஆகியவையும் கூடாது. சணலைச் சூடு அரிக்கும். நைலானைச் சூடு உருக்கும். எல்லாவற்றையும் எலி கடிக்கும்.

விளக்கை இரும்புச் சங்கிலியில்தான் தொங்கவிட வேண்டும். ஒன்றல்ல, இரண்டு சங்கிலிகள் வேண்டும். முதல் சங்கிலி விளக்கின் பாரத்தைத் தாங்கும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கொக்கியை மாற்றி மாட்டி விளக்கை ஏற்றவும் இறக்கவும் செய்யலாம். இரண்டாவது சங்கிலியைச் சிறிது தளர்வாக, வேறொரு கைமரத்தில் கட்ட வேண்டும். முதல் சங்கிலி எப்படியாவது அறுந்தாலும், விளக்கு கூளத்தைத் தொடுமுன் இரண்டாவது சங்கிலி அதைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை உயரத்தை மாற்றும்போதும் இரண்டாவது சங்கிலியையும் அதற்கேற்ப மாற்ற மறக்கக் கூடாது.

இரண்டு சங்கிலிகளையும் உளுத்த மூங்கிலில் கட்டுவதால் பயனில்லை. உறுதியான விட்டத்திலோ, இரு பக்கச் சுவர்களில் பதித்த இரும்புக் குழாயிலோ கட்ட வேண்டும்.

பல்பின் அடிக்கும் கூளத்திற்கும் இடையே குறைந்தது ஒன்றரை அடி இருக்க வேண்டும். மேலே கீற்றுக் கூரைக்கும் விளக்குக்கும் இடையே 3 அடிக்குக் குறையாமல் விட வேண்டும். பக்கத் தட்டி, படுதா ஆகியவை 3 அடிக்கு அப்பால் இருக்கட்டும். கூரை தாழ்வாக இருந்து இந்த இடைவெளி கிடைக்காவிட்டால் அந்த இடம் வெப்ப விளக்குக்கு ஏற்றதல்ல. வேறு இடம் பார்ப்பதே நல்லது.

கட்டி முடித்ததும், சுவிட்சு போடுமுன் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். விளக்கின் சட்டத்தில் 2 கிலோ எடையுள்ள கல்லைக் கட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். முடிச்சோ கொக்கியோ நழுவினால் அது அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, விளக்கைக் கையால் பலமாக ஆட்டிவிட வேண்டும். அது ஊஞ்சலாடும் தூரத்தில் தட்டியோ தூணோ சாக்கோ தொட்டால், அந்தப் பொருளை விலக்க வேண்டும். ஆடி மாதக் காற்று கை ஆட்டுவதைவிட வேகமாகவே ஆட்டும்.

கம்பிக் கூண்டு செய்வது எப்படி?

250 வாட் பல்பு ஒன்று மட்டும் வைத்திருப்போர் அதற்குக் கூண்டு மாட்டுவது அவசியம். வெல்டு மெஷ் எனப்படும் கம்பி வலையில் அரை அங்குலக் கண் உள்ளதாக வாங்க வேண்டும். 3 அடி நீளம், 15 அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டி உருளையாகச் சுருட்டி, ஓரங்களை ஜி.ஐ. கம்பியால் தைத்துவிட வேண்டும். ஏறக்குறைய 11 அங்குல விட்டமுள்ள உருளை கிடைக்கும். ஓர் அடிச் சதுரத் துண்டை வட்டமாக நறுக்கி அடிப்பகுதியை மூட வேண்டும்.

உருளையின் மேல் வாயில் குறுக்காக ஓர் இரும்புப் பட்டையைப் பொருத்தி, அதன் நடுவில் பீங்கான் ஹோல்டரைப் போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும். பல்பு அதிலிருந்து கீழ்நோக்கி நிற்கும். இப்போது பல்பைச் சுற்றிலும் சுமார் 3 அங்குலமும், பல்பின் அடிக்குக் கீழே சுமார் 6 அங்குலமும் காலியிடம் இருக்கும். சங்கிலிகளை இந்த இரும்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். வலையில் மாட்டக் கூடாது.

கூண்டு இருந்தால் தீப் பிடிக்கவே பிடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. 250 வாட் பல்பு சில அங்குலத் தூரத்தில் இரவெல்லாம் எரிந்தால் கூளம் கருகத்தான் செய்யும். காய்ந்த கண்ணாடி நேராக உமியில் புதையாமல் தடுத்து ஆபத்தைத் தள்ளிப்போடுவதுதான் கூண்டின் வேலை. விழாமல் காப்பது சங்கிலியின் வேலை. ஆகவே இரண்டும் தேவை. கூண்டினால் இன்னொரு நன்மையும் உண்டு. மூன்றாம் வாரத்தில் குஞ்சுகள் எம்பிப் பறக்கத் தொடங்கும்போது பல்பின்மேல் மோதிச் சுட்டுக்கொள்ளாது. தகரக் குடை வைத்திருப்போர் குடையின் வாயில் குறுக்கே இதே வலையைக் கட்டிவிடலாம்.

கூண்டும் குடையும் இரும்பு என்பதால் ஒயர் எங்காவது உரசித் தோல் போனால் அவற்றில் மின்சாரம் ஏறிவிடும். தொட்டவர் உயிருக்கே ஆபத்து. எனவே மூன்று கம்பி ஒயர் போட்டு, இரும்புப் பகுதியை எர்த்துடன் இணைப்பது கட்டாயம். இந்த வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும்.

ஒயரில் கவனம்

கிராமங்களில் சாதாரணமாகக் காணும் காட்சி ஒன்று உண்டு. ஒயரின் முனையைச் சுரண்டி, பிளக் இல்லாமலேயே மின் துளையில் செருகி, கழன்றுவிடாமல் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். நெருப்பை வரவேற்க இதைவிட நல்ல வழி இல்லை. தளர்ந்த இணைப்பில் மின்சாரம் தாவித்தாவிப் பாயும்போது அந்த இடம் காய்கிறது, பொறி பறக்கிறது, பக்கத்தில் தீக்குச்சியும் தயாராக இருக்கிறது.

வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் ஒயர் ஒரே நீளமாக, நடுவில் ஒட்டு இல்லாமல் இருக்க வேண்டும். எலி கடிக்காதபடி பி.வி.சி. குழாய்க்குள் விட வேண்டும். சுவிட்சும் பிளக்கும் கொட்டகைக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், உள்ளே புகை கண்டதும் வெளியிலிருந்தே அணைத்துவிடலாம்.

60 வாட் பல்புகள் நான்கும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். ஆகவே பியூஸில் தடித்த செம்புக் கம்பியைக் கட்ட வேண்டியதே இல்லை. தடித்த கம்பி போட்டால் ஒயர் எரியும்போதும் பியூஸ் போகாது. மின்கசிவு கண்டதும் தானே நின்றுவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை வீட்டு மின் பலகையில் பொருத்துவது இன்னும் நல்லது. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது ஆட்களைக் காக்க ஏற்றது.

கூளம், காகிதம், படுதா

குஞ்சு இறக்கிய முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கூளத்தின்மேல் செய்தித்தாள் பரப்புவது வழக்கம். குஞ்சுகள் உமியைக் கொத்தித் தின்னாமல் இருக்க இது தேவைதான். ஆனால் விளக்கின் நேர் கீழே தாளின் ஓரங்கள் தூக்கி நிற்கக் கூடாது. சமமாகப் பரப்பி ஓரத்தைக் கூளத்தால் அமுக்க வேண்டும். மூன்றாம் நாள் தாளை எடுத்துவிட வேண்டும்.

குஞ்சுகள் சிதறாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கும் தடுப்பு வளையத்திற்கு அட்டையைவிடத் தகரம் சிறந்தது. ஒன்றரை அடி உயரமுள்ள தகரத்தை விளக்கிலிருந்து 2 முதல் 3 அடி தள்ளி வட்டமாக வைக்கலாம். மூலையில்லாத வட்டத்தில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாவதும் குறையும்.

சாக்குப் படுதாவின் கீழ் ஓரத்தில் செங்கல் கட்டி, காற்றில் பறந்து விளக்கின் பக்கம் வராதபடி செய்ய வேண்டும். தீவன மூட்டை, வைக்கோல், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எதையும் இந்த இடத்தில் சேர்த்து வைக்கக் கூடாது.

தண்ணீர்த் தட்டை விளக்கின் நேர் அடியில் வைக்கக் கூடாது. காய்ந்த சாதாரண பல்பின்மேல் குளிர்ந்த நீர் தெறித்தால் கண்ணாடி வெடித்துச் சூடான துண்டுகள் கூளத்தில் விழும். ஈரத் துணியால் எரியும் பல்பைத் துடைப்பதும் இதே போன்ற தவறுதான். பல்பிலும் கூரையிலும் படியும் ஒட்டடை, இறகுத் தூள், தீவனத் தூள் ஆகியவற்றை வாரம் ஒருமுறை, விளக்கை அணைத்து ஆறவிட்ட பிறகு, உலர்ந்த துடைப்பத்தால் நீக்க வேண்டும்.

குளிருக்கு விளக்கை இறக்கலாமா?

விபத்துக்குப் பெரிதும் காரணமாவது இந்த ஒரு செயல்தான். நள்ளிரவில் குஞ்சுகள் கத்துகின்றன. எழுந்து வந்தவர் விளக்கை ஓர் அடி இறக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் அதன் நேர் கீழே விழும் சூடு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கூளம் காய்கிறது. ஆனால் குஞ்சுகளின் குளிர் தீருவதில்லை. ஏனென்றால் குளிர் வந்த வழி வேறு.

குஞ்சுகளைப் பார்த்தாலே காரணம் தெரியும். விளக்கின் அடியில் எல்லாம் ஒட்டிக் குவிந்திருந்தால் சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகி, தடுப்போரமாக வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. வட்டம் முழுவதும் பரவி, தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தால் எல்லாம் சரி.

குஞ்சுகள் குவிந்திருந்தால் முதலில் காற்று புகும் வழியை அடைக்க வேண்டும். காற்று தரையை ஒட்டி வரும்போதுதான் குஞ்சுக்குக் குளிர் தாக்குகிறது. தடுப்பைச் சுற்றிக் கீழே ஓர் அடி உயரத்திற்குக் காற்றைத் தடுத்தாலே பெரிய மாற்றம் தெரியும். ஆனால் மேலே காற்றோட்டம் இருக்க வேண்டும். முழுவதும் மூடிவிட்டால் எச்சத்தின் நெடி ஏறிக் குஞ்சுகள் நோயில் விழும். அடுத்து, கூளம் ஈரமாக இருந்தால் மாற்றிவிட வேண்டும். அதன் பிறகும் சூடு போதாவிட்டால் இன்னொரு சிறு பல்பைச் சேர்க்கலாம். ஒன்றரை அடிக்குக் கீழே மட்டும் விளக்கை இறக்கக் கூடாது.

பத்துப் பதினைந்து குஞ்சுகள் மட்டும் வளர்ப்போருக்கு விளக்கே வேண்டியதில்லை. குஞ்சு காக்கும் குணமுள்ள நாட்டுக்கோழி ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும். அதைவிடப் பாதுகாப்பான வெப்ப விளக்கு இன்னும் செய்யப்படவில்லை.

மின்சாரம் நின்றால்

மின்தடை நேரம் அபாயமான நேரம். விளக்கு அணைந்ததும் குஞ்சுகள் குளிருமே என்று சாக்கைப் போர்த்துகிறார்கள். இருட்டில் சாக்கின் ஓரம் பல்பின்மேல் படிகிறது. அல்லது இடறி விளக்கு சாய்கிறது. அதைச் சரிசெய்யாமல் தூங்கப் போகிறார்கள். விடியற்காலை மின்சாரம் திரும்பி வருகிறது. பார்க்க ஆளில்லாத நேரத்தில், சாக்குக்குள் பல்பு எரியத் தொடங்குகிறது.

ஆகையால் மின்சாரம் நின்றதும் கொட்டகைக்குள் நுழையுமுன் சுவிட்சை அணைக்க வேண்டும். அதன் பிறகே சாக்கு போர்த்த வேண்டும். மின்சாரம் வந்ததும் சாக்கை எடுத்து, விளக்கு சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட வேண்டும். மின்சாரம் வந்தது தெரிய வீட்டுக்குள் படுக்கும் இடத்தில் ஒரு விளக்கைப் போட்டே வைத்தால் போதும்.

கரி அடுப்பு வைத்துச் சூடேற்றுவோர் உண்டு. மூடிய இடத்தில் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். குஞ்சுகளோடு ஆட்களையும் அது கொல்லும். அரிக்கேன் விளக்கு வைப்போர் அதைக் கூளத்தின்மேல் வைக்காமல் கொக்கியில் மாட்ட வேண்டும்.

தீப் பிடித்துவிட்டால்

முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மின்சாரம் ஓடும் ஒயரின்மேல் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியவருக்கு ஆபத்து. வீட்டில் இருப்போரை வெளியேற்றி, கால்நடைகளை அவிழ்த்துவிட வேண்டும். கொட்டகையை ஒட்டிக் கட்டும் ஆடு மாடுகளுக்கு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சே எப்போதும் போட வேண்டும். தீயணைப்பு நிலையத்திற்கு 101 என்ற எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும். நெருப்பு சிறிதாக இருந்தால் வாசலில் வைத்த மணல், தண்ணீர் வாளிகளால் அணைக்கலாம். கீற்றுக் கூரை பற்றிவிட்டால் குஞ்சுகளைக் காக்க யாரும் உள்ளே நுழையக் கூடாது. குஞ்சு மறுபடி வாங்கலாம்.

அணைந்துவிட்டதாகத் தோன்றும் கூளத்தை நம்பக் கூடாது. வெளியே வாரிக் கொட்டி, பரப்பி, நன்றாக நனைத்து, மறுநாள் வரை கண்காணிக்க வேண்டும்.

தினமும் படுக்குமுன் பார்க்க வேண்டியவை

1. இரண்டு சங்கிலிகளும் கொக்கியில் சரியாக மாட்டியுள்ளனவா?

2. பல்புக்கும் கூளத்திற்கும் ஒன்றரை அடி இருக்கிறதா? நாள்தோறும் கூளம் சேரச் சேர இந்த இடைவெளி குறையும்.

3. விளக்கின் அடியில் உள்ள கூளத்தில் கையை வைத்துப் பார்த்தால் பொறுக்கிற சூடுதானா? கை வைக்க முடியாவிட்டால் விளக்கை உயர்த்த வேண்டும்.

4. படுதா, சாக்கு, காகிதம் எதுவும் 3 அடிக்குள் வந்திருக்கிறதா?

5. பிளக், சுவிட்சு, ஒயர் ஆகியவற்றைப் புறங்கையால் மேலாகத் தொட்டால் காய்ந்திருக்கிறதா? கருகிய வாடை வருகிறதா? வந்தால் உடனே அணைத்து, மின் பணியாளரை அழைக்க வேண்டும்.

6. குஞ்சுகள் பரவிப் படுத்திருக்கின்றனவா?

7. வாசலில் மணல் வாளியும் தண்ணீர் வாளியும் நிறைந்திருக்கின்றனவா?

இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். குஞ்சு இறக்கும் நாளுக்கு முந்தின நாளே விளக்கைக் கட்டி, எரியவிட்டு, சோதித்து முடித்துவிட வேண்டும். வண்டியில் குஞ்சுகள் வந்து இறங்கிய பிறகு அவசரத்தில் கட்டும் முடிச்சுதான் பின்னால் அவிழ்கிறது. முதல் நாளே செய்த வேலை மூன்று வாரமும் வீட்டாரை நிம்மதியாக உறங்க வைக்கும்.